நீச்சல்: நன்று

எனக்கு நீச்சல் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மயிலாப்பூரில் பிறந்த பாதிப் பேருக்குத் தெரியாது. வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது. நான் இருபத்தாறு வருடங்களாகத் தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். என் பணிப்பதிவேட்டில் 'நீச்சல்' என்ற கட்டத்துக்கு எதிரே 'நன்று' என்று நீல மையில் எழுதியிருக்கிறது. அந்த 'நன்று' என்னுடையது அல்ல.

எங்கள் வீட்டிலிருந்து கோயில் குளம் ஐந்து நிமிட நடை. ஆனால் அதில் மிதப்பது தெப்பம் மட்டும்தான். நாங்கள் படியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுண்டல் கிடைத்தால் வாங்கிக்கொண்டு, கால் நனையாமல் திரும்பிவிடுவோம். அப்பா வங்கியில் இருந்தார். அண்ணன் ஆடிட்டருக்குப் படித்தான். நான் இலக்கியம் படித்தேன், அதாவது வேலை கிடைக்காத ஒன்றைப் படித்தேன். பட்டம் வாங்கியதும் அரசாங்கம் நடத்திய எல்லாப் பரீட்சைகளையும் எழுதினேன். மற்றவை எல்லாம் கைவிட, சீருடைப் பணிக்கான பரீட்சை மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்டது. எழுத்துத் தேர்வு சுலபம். ஓட்டத்தில் தேறியதற்குக் காரணம் நான் ஓடுகிற பஸ்ஸைத் துரத்தியே வளர்ந்தவன்.

"ஆத்துல ஒரு ஊதுவத்தியை அணைக்கத் தெரியாது நோக்கு. நீ போய் ஊர்ல எரியறதெல்லாம் அணைக்கப் போறியா?" என்றாள் அம்மா. உறவினர்களிடம் 'கவர்மெண்ட்ல இருக்கான்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எந்த டிபார்ட்மெண்ட் என்று துருவியவர்களுக்கு, 'தண்ணி சம்பந்தப்பட்டது' என்று பதில். ஒரு மாமா தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று வருடம் என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சி மையத்தில் எனக்கு அடுத்த கட்டில் அவனுடையது. அவன் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்காரன். அப்பா, சித்தப்பா, அண்ணன்கள் எல்லோருக்கும் கடலில் வேலை. மாதச் சம்பளம் என்ற விஷயத்தை அந்த வீட்டில் முதலில் பார்த்தவன் அவன். நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்து முதல் நாளே எனக்கு 'சாமி' என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. கயிறு ஏறுவது, ஏணி தூக்குவது, தண்ணீர் நிரம்பிய ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாவற்றிலும் நான் கடைசிக்கு முந்தினவனாக வந்தேன். கடைசியில் வந்தவன் இரண்டாவது வாரம் ஊருக்குப் போய்விட்டதால் அந்தப் பதவியும் எனக்கே வந்தது.

பயிற்சி முடியும் தறுவாயில் நீச்சல் தேர்வு. ஐம்பது மீட்டர். அதற்கு முன்பு நடந்த வகுப்புகளை எல்லாம் காது வலி, சேற்றுப்புண், அத்தை மரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தப்பித்திருந்தேன். அன்று காலை சாப்பாட்டுக் கூடத்தில் பொங்கலைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சாமி, மூஞ்சி இப்டி கீது?" என்றான் அவன்.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"கொஞ்சங்கூடவா?"

"தலையில தண்ணி ஊத்திண்டாலே மூச்சு முட்டும்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பனியன கழ்ட்டிக் குடு" என்றான்.

எங்களை அடையாளம் காட்டியது பனியனில் எழுதியிருந்த எண் மட்டும்தான். தேர்வு நடத்தியவர் குளத்தின் மறுமுனையில், குடைக்கு அடியில், விசிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். நனைந்த தலைகள் எல்லாம் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். அவன் தன் எண்ணுக்கு ஒரு தடவை நீந்தினான். உடை மாற்றும் அறையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் பனியனை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை நீந்தினான். நான் அந்த அறைக்குள் வாளிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

"உன் நம்பருக்கு வேணும்னே மொக்கையா நீஞ்சினேன் சாமி. நடுவுல ரெண்டு தபா தண்ணி குடிச்ச மாதிரி இருமினேன். அப்பவும் நன்றுன்னு போட்டுட்டாரு. நான் இன்னா பண்றது?"

இப்படித்தான் அது என் பதிவேட்டில் ஏறியது. எப்படியும் ஒரு வருடத்துக்குள் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். வேற்று மொழி இரண்டைக் கற்றுக்கொண்டு நாவல்கள் படித்தேன். வீணை வாசிக்கக்கூடக் கொஞ்சம் முயன்றேன். தண்ணீரில் மட்டும் இறங்கவில்லை.

இருவரையும் ஒரே நிலையத்தில் போட்டார்கள். நெருப்புக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வரப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் கிளம்பிய முதல் அழைப்பு மந்தைவெளியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு. விரலில் மாட்டிக்கொண்ட நிச்சயதார்த்த மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டினோம். பெண்ணின் அத்தை இது அபசகுனம் என்று எங்களை முறைத்தார். அதன்பிறகு பூனை, பாம்பு, லிப்டில் சிக்கிய பல் மருத்துவர், பூட்டிய குளியலறையில் மூன்று வயதுக் குழந்தை. தீ கடைசியாகத்தான் வந்தது. தி. நகரில் ஜவுளிக்கடை ஒன்றின் கிடங்கு. படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள். அவன் முன்னால் நின்று தண்ணீர் அடித்தான். நான் பின்னால், அவன் தோளில் ஒரு கையும் ஹோஸில் ஒரு கையுமாக நின்றேன். புகையில் அவன் முதுகைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. "சாமி, கீறியா?" என்று அரை நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தான். இருக்கிறேன் என்று நானும் கத்திக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் வாந்தி எடுத்தேன். அவன் கடைக்காரரிடம் நனையாத வேட்டி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நெருப்பில் நான் மோசமில்லை. இதைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் எனக்கே என்மேல் மரியாதை போய்விடும். ஆனால் சென்னையில் எங்கள் துறை வேலையில் பாதி தண்ணீரில். கிணறு, கூவம், அடையாறு, கடல், மழை பெய்தால் தெருவே. தண்ணீர் என்றால் அவன்தான் இறங்குவான். "நீ கயித்த புட்ச்சிக்கினு நில்லு சாமி" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றுவான். நான் கயிறு பிடிப்பேன். அதில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். என் முடிச்சு ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை, அத்தனை பயம் அதில் இருந்தது. முன்னணித் தீயணைப்போர் என்ற முதல் பதவி உயர்வு வந்தபோது புதியவர்களுக்கு முடிச்சு வகுப்பு எடுக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

பதவி உயர்வுகள் எல்லாம் பரீட்சை எழுதி வந்தவை. நிலைய அலுவலர் பரீட்சையை நான் முதல் தடவையிலேயே பாஸ் செய்தேன். அவன் இரண்டு முறை எழுதிவிட்டு விட்டுவிட்டான். "பேப்பர்ல எரியற நெருப்ப அணைக்க நமக்கு வரல மச்சி" என்றான். அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னால் என்னை 'சார்' என்று கூப்பிடுவான். அந்த 'சா'வை அவன் இழுக்கிற இழுப்பில் வாளிகளுக்குப் பின்னால் பனியன் இல்லாமல் குந்தியிருந்த நான் முழுசாகத் தெரிவேன்.

துறையில் என் எழுத்துக்கு நல்ல பெயர். யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் திறமையை அவனுக்காகவும் செலவழித்தேன். எனக்கு மாற்றல் வந்து வேறு நிலையத்துக்குப் போனால், ஒரு வருடத்துக்குள் அவனும் அங்கே வந்துவிடுவான். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று அவன் பெயரில் நான்தான் மனு எழுதுவேன். அவன் மாமியாரை மூன்று முறை பக்கவாதத்தில் படுக்க வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் இன்றும் தலையில் கூடையோடு நடக்கிறார். எங்களைப் பார்த்து, அப்படியொரு சிநேகிதம் என்று சொல்வார்கள். சிநேகிதம்தான். ஆனால் தண்ணீர் அழைப்பு வரும்போது பக்கத்தில் அவன் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற கேள்வியும் அந்த மனுக்களில் இருந்தது. மேலதிகாரிகளுக்குத் தெரியாத அந்த வரி எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேஜைக்கு வந்தான். காக்கிச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வைத்தான். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, அவன் பெண்ணுடையது. எனக்கு வாட்ச் ரூம் பணி ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. வாட்ச் ரூம் என்பது நிலையத்தின் வாசலில் இருக்கும் சின்ன அறை. போனை எடுத்து, மணி அடித்து, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெளியே போக வேண்டாம்.

"என்னடா இது?"

"மூச்சு வாங்குதுபா. மாடி ஏறினா நெஞ்ச புடிக்குது. டாக்டராண்ட போனேன், டெஸ்ட் எட்த்துக்கினு வான்னாரு. அத்தொட்டு கொஞ்ச நாளிக்கி உள்ள குந்தறேனே."

அவனை நிமிர்ந்து பார்த்தேன். முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. ஐம்பது வயதில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மண்டைக்குள் ஓடியது வேறு கணக்கு. மழைக்காலத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் 'நீச்சல்: நன்று' என்று பதிவான இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்று நிலைய அலுவலர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் ஷிப்டில் அந்த இரண்டு பேர் அவனும் நானும். மற்றவர்கள் 'சுமார்'. அவனை உள்ளே உட்கார வைத்தால் மிச்சம் நான் ஒருவன். வேறு ஆள் கேட்டு எழுதலாம். எழுதினால், அதுதான் நீங்கள் இருக்கிறீர்களே என்று கேட்பார்கள். கேட்காமல் விட்டாலும், அடுத்த அழைப்பில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

"மழை முடியட்டும்டா. தைல போட்டுடறேன்," என்றேன்.

"தையா?" என்றான். தாளை ஒருமுறை பார்த்தான். "சரிங்க சாஆர்" என்று சல்யூட் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். டெஸ்ட் எடுத்தாயா என்று நானும் பிறகு கேட்கவில்லை. கேட்டால் தாளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அதை மேஜை டிராயரில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தேன். ஸ்டேப்ளரை எடுக்கிறபோதெல்லாம் பார்த்தேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் வெயில் எட்டிப்பார்த்த பிற்பகல், கோட்டூர்புரத்திலிருந்து அழைப்பு. பாலத்துக்குக் கீழே, ஆற்றின் நடுவில் ஒரு தூணை ஒட்டி ஆகாயத்தாமரை குவிந்து திட்டாக நின்றிருந்தது. அதன் மேல் ஒரு நாய். தெருநாய்தான், யாரோ கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. பாலத்தின் மேல் முந்நூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேர் கையிலும் செல்போன். ஒரு பெண் விசும்பிக்கொண்டு, "ப்ளீஸ் சார், ரெண்டு மணி நேரமா நடுங்கிட்டு இருக்கு" என்றாள்.

அவன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். லைப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். நான் இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். ஒரு நாய்க்காக இறங்க வேண்டாம், தண்ணீர் வடியட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் சொன்னால், அப்போ நீ எறங்கறியா என்று அவன் கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அப்படிக் கேட்டதில்லை.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"இது இன்னா பெரிய கடலா?" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அடையாற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் சாய்வாக, இழுப்போடு போய், மெல்லத் திட்டை நெருங்கினான். வழக்கத்தைவிட மெதுவாகப் போகிறான் என்று கயிற்றிலேயே தெரிந்தது. இரண்டு கை தூரத்துக்கு வந்ததும் நாய் அவனைப் பார்த்தது. எழுந்து ஒருமுறை குரைத்தது. பிறகு மறுபக்கம் தண்ணீரில் குதித்து, தலையைத் தூக்கிக்கொண்டு, நிதானமாக நீந்தி, சற்றுத் தள்ளிக் கரையேறி, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு ஓடியே போய்விட்டது. பாலம் முழுக்கக் கை தட்டியது. கைதட்டல் நாய்க்கு. அங்கே கூடியிருந்தவர்களில் நீச்சல் தெரியவேண்டிய எல்லோருக்கும் நீச்சல் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

இழுத்துக் கரையேற்றினோம். சிரித்துக்கொண்டேதான் வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "டீ சொல்லு சாமி. அந்த நாய்க்கு ஒரு மெடல் எழுதிப் போடு" என்றான். நான் அலுவலர் ஆன பிறகு மற்றவர்கள் முன்னால் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டிரைவர் டீ வாங்கப் போனார். நான் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அது ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, எத்தனை நேரம்டா குளிப்பே என்று ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்தபோது அவன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்திருந்தான், கண் திறந்திருந்தது.

நெஞ்சை முப்பது தடவை அழுத்து, இரண்டு தடவை ஊது. இதை ஊரிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் போய் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நான்தான். குழந்தைகள் சிரிப்பார்கள், நானும் ஜோக் அடிப்பேன். அன்று அவன் வாயில் ஆற்று வாடை அடித்தது. ஊதினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, மணியடித்துக்கொண்டு போன வண்டிக்குள், எண்ணிக்கை தப்பத் தப்பத் திரும்ப ஆரம்பித்து அழுத்திக்கொண்டே இருந்தேன். சாமி, கீறியா என்று கேட்கிறவனிடம் அதே கேள்வியை நான் கேட்க வேண்டியிருந்தது. எத்தனை தடவை கேட்டேன் என்று டிரைவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். அவர் சொன்னதை நான் திரும்பச் சொல்ல வேண்டாம். பிறகு தாளும் பேனாவுமாகக் கேட்டார்:

"முன்னாடி நெஞ்சு வலி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"தெரியாது" என்றேன்.

குப்பத்தில் அன்று யாரும் படகு எடுக்கவில்லை. சீருடையில் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினோம். அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. பணியின்போது, உயிரைப் பொருட்படுத்தாமல், என்று நாலு பக்கம் எழுதினேன். குடும்பத்துக்குச் சேர வேண்டியதெல்லாம் தடங்கல் இல்லாமல் சேரும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதியதிலேயே நல்ல உரைநடை அதுதான். அதில் என் மேஜை டிராயர் இல்லை.

தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு புத்தகத்தில் வைத்தேன். எந்தப் புத்தகம் என்று சொன்னால் நான் படித்தவன் என்று காட்டிக்கொள்வதாகிவிடும். தை வந்தது. அவனுக்குக் கொடுத்த கெடு அது. தை முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. மாசியில் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

அவன் மனைவி சந்து முனையில் கூடை வைத்து மீன் விற்பவள். உச்சி வெயில், வியாபாரம் ஓய்ந்த நேரம். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாண்ணா. ஆபீஸ்ல இருந்து லெட்டர் எதுனா வந்துச்சா?"

"இல்லம்மா. இதைக் குடுத்துட்டுப் போலாம்னு."

பிரித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். "இது பாப்பா எழுதுனது. நான்தான் பக்கத்துல குந்திக்கினு எழுத வச்சேன். அவரு வேணாம்னாரு. நாலு நாளு சண்ட போட்டு குடுத்தனுப்பினேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க தைல பாக்கலாம்னு சொன்னதா சொன்னாரு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி மையத்துக் குளம், பனியன், பதிவேடு, ஷிப்டுக்கு இரண்டு பேர் என்ற விதி, ஸ்டேப்ளர். அவனை உள்ளே உட்கார வைத்தால் எனக்கு நீச்சல் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன், அதற்காகத்தான் கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னேன். டாக்டரிடம் தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன். நடுவில் ஒருவர் வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டார். அவள் விலை சொன்னாள், அவர் குறைத்துக் கேட்டார், அவள் கையை ஆட்டி அனுப்பினாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

சொல்லி முடித்தேன். தாளை மடித்தாள், திரும்பப் பிரித்தாள். மீன் கை பட்டு ஓரம் ஈரமானது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் சரி என்றுதான் வந்திருந்தேன்.

"உங்களுக்கு நீச்ச தெரியாதுன்னு ஸ்டேஷன்ல யாருக்குண்ணா தெரியாது?" என்றாள். "ட்ரைவருக்குத் தெரியும். பெரிய ஆபீஸ்ல டீ வாங்கியாற ஆளுக்குக்கூடத் தெரியும். இவரு வருசா வருசம் அந்த பனியன் கதய சொல்லி எல்லாரையும் சிரிக்க வப்பாரு. சாமி மனசு கஷ்டப்படும், அவராண்ட மட்டும் காட்டிக்காதீங்கன்னுவாரு." தாளை என் பக்கம் நீட்டினாள். "அதுக்கோசரமாண்ணா இத்த உள்ள வச்சிருந்தீங்க?"